முங்கிப் போன கடல் நுரை

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். தை அமாவாசைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் இராமேஸ்வரம் போயிருந்தோம். அய்யா அவருடைய அப்பாவுக்குத் திதி கொடுக்க வந்தார். அம்மா தீர்த்தமாட வந்தாள். அக்கா, கூப்பிட்டதால் வந்தாள். நான் மட்டும் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியமாக வந்திருந்தேன். கடல் நுரை வாங்க!

சிரிக்காதீர்கள். அப்போது எனக்குப் பதினேழு வயது. இராமநாதபுரத்தில் வீடு. அய்யாவுக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. பிள்ளைகள் என்று அக்காவும் நானும்தான். அக்கா வாயில்லாப் பூச்சி, அவளுக்கும் சேர்த்து எனக்கு வாய். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையை இரவல் வாங்கி அட்டையிலிருந்து அட்டை வரை படித்துவிடுவேன். படித்ததை யார் மேலாவது பரீட்சை பண்ணிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வருஷம் என் பரீட்சைக்கு அகப்பட்டது அக்காவின் முகம்.

காரணம் இல்லாமல் இல்லை. ஐப்பசியில் ஒரு கூட்டம் அவளைப் பெண் பார்க்க வந்தது. அந்த மாப்பிள்ளையின் அம்மா, துணிக்கடையில் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல அக்காவின் கன்னத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பொரிப்பொரியா இருக்கே" என்றாள். போனவர்கள் போனவர்கள்தான், ஒரு தகவலும் இல்லை. அக்கா அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள். பொட்டைக்கூடக் கை மதிப்பில்தான் வைத்துக்கொள்வாள். சில நாள் அது கோணலாக இருக்கும். நான்தான் அதை நேராக்கிவிடுவேன்.

தையில் அடுத்த வரன் வந்தது. மாப்பிள்ளை மண்டபத்தில் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். அப்பா இல்லை, அம்மா மட்டும் உத்தரகோசமங்கையில் இருக்கிறார். அமாவாசை கழிந்து வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். அக்காவுக்கு இருபத்திரண்டு நடந்துகொண்டிருந்தது. இந்த இடமும் தட்டிப்போனால் இனி எவர் முன்னாலும் அவள் வந்து நிற்கமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. கடல் நுரையைப் பொடித்துப் பாலேட்டில் குழைத்து முகத்தில் மெதுவாகத் தேய்த்துக் கழுவினால், பழைய தோல் நீங்கி முகம் வழுவழுப்பாகுமாம். தேய்த்துக் குளிப்பது எங்கள் வீட்டுக்குப் புதிது இல்லை. உடம்புக்குப் பீர்க்கங்கூடு, முகத்துக்குப் பாசிப்பயறு மாவு, குதிகாலுக்குத் துவைக்கிற கல். அதெல்லாம் ஊரே செய்கிறது. இது அச்சில் வந்தது அல்லவா? நாட்டு மருந்துக் கடையில் கேட்டிருந்தால் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தால்தானே! கடல் நுரை என்றால் கடலில் இருக்கும், கடல் இராமேஸ்வரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் என் புத்தி போனது.

அங்கே சங்கு, சோழி விற்கிற ஒரு பெண்ணிடம் மெல்லக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கடல் நுரையா? அந்தா கெடக்கு கடலு. அள்ளிக்கிட்டுப் போ தாயி, யாரு கேக்கப் போறா?" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு மானம் போய்விட்டது. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேனே.

வந்த வழியில் கரையோரம் அது கிடந்தது. வெள்ளை வெளேரென்று, கைக்கு அடக்கமாக, உடம்பெல்லாம் பொடிப் பொடி ஓட்டையாக. சோறு பொங்கும்போது மேலே வருகிற நுரை அப்படியே கல்லாய்ப் போனால் எப்படி இருக்கும், அப்படி. ஆகா, நுரை இறுகினால் இதுதானே! அந்தக் கடைக்காரி ஒரு மண்டு என்று நினைத்துக்கொண்டேன். நாலைந்தைப் பொறுக்கி ஈரப் புடவைக்குள் சுருட்டி எடுத்துவந்தேன். பாம்பன் பாலத்தில் ரயில் வரும்போது எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் மூட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். கல்லை உடைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. உரலில் இடித்து, அம்மியில் நுணுக்கி, பழைய வேட்டித் துணியில் சலித்தேன். விரலில் எடுத்தால் நறநறவென்றுதான் இருந்தது. பாலேடு சேர்ந்தால் சரியாகிவிடும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அக்கா முதலில் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினேன். அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு முற்றத்தில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாத்திரம் விளக்குகிற தினுசில் தேய்த்தேன். குறிப்பில் மெதுவாக என்று ஒரு வார்த்தை இருந்ததே, அது என் கண்ணிலேயே படவில்லை.

"எரியுதுடி" என்றாள். "பொறு, பழைய தோல் உரியுது" என்றேன். இன்னொரு தடவையும் "எரியுது" என்றாள். அதற்கப்புறம் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள். அவ்வளவு எரிச்சலையும் ஏன் பொறுத்தாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பின்னால் யோசித்து யோசித்து அழுதிருக்கிறேன்.

கழுவியதும் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. நிறம் வந்துவிட்டது என்று நான் குதித்தேன். அடுத்த நாள் காலையில் அவள் எழுந்து வந்தாள். இரண்டு கன்னமும் வீங்கி, நெற்றியிலும் தாடையிலும் கோடு கோடாகக் கீறல். மூக்கோரத்தில் நீர் கோத்து மினுமினுவென்று இருந்தது. கன்னத்தில் இரண்டு இடத்தில் தோலே இல்லை.

அம்மா பார்த்தாள். என் முதுகில் விழுந்த அடியை நான் எண்ணவில்லை. அடித்து ஓய்ந்து உட்கார்ந்து, "வெள்ளிக்கிழமை வாராகளே, இந்த மூஞ்சிய எப்படிடி காட்டுவேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரியும். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன உடம்புக்கு என்று கேட்பார்கள். கடைசியில் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. கொல்லைக்குப் போய் கொத்துக் கொத்தாக வேப்பிலை ஒடித்துவந்து வாசல் நிலையில் செருகினாள்.

அந்தக் காலத்தில் அதற்கு மேல் சொல்ல வேண்டியதே இல்லை. வாசலில் வேப்பிலை என்றால் அம்மை கண்ட வீடு. வெளியாள் யாரும் படி மிதிக்கமாட்டார்கள், ஏன் என்றும் கேட்கமாட்டார்கள். பத்து நாள் தள்ளிவிடலாம்.

அய்யாவுக்குப் பிடிக்கவில்லை. "கோர்ட்டுல நாளு பூரா பொய்யக் கேட்டுட்டு வாரேன். வீட்டுலயுமா?" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குக் கடிதம் எழுத முடியாது என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். "எங்கள் மூத்த மகள் மேல் அம்மா விளையாடுகிறாள்" என்று ஆரம்பித்தது கடிதம். சின்னம்மைதான், முகத்தில் தழும்பு விழாது, தண்ணீர் ஊற்றியதும் தெரிவிக்கிறோம், அதுவரை வரவேண்டாம் என்று முடித்தேன். சின்னம்மை என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னாள் அம்மா.

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட வேண்டியிருக்கிறது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பதால், பக்கத்து வீட்டுக்கு வாசனை போய்விடுமே என்று நாங்களும் தாளிக்கவில்லை. கடுகு போடாத குழம்பை அய்யா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்தப் பேசாமைக்கு அம்மாவின் அடியே தேவலை. அக்கா உள்அறையிலேயே கிடந்தாள். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டுக்கொண்டிருந்தோம். நான் பக்கத்தில் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் கயிற்றில் கட்டிய இரண்டு இளநீர், மறு கையில் துணிப்பை. பையிலிருந்து வேப்பங்கொழுந்து எட்டிப் பார்த்தது. முகம் முழுக்க அம்மைத் தழும்பு. உத்தரகோசமங்கையிலிருந்து வருவதாகவும், மாப்பிள்ளையின் அம்மா என்றும் சொன்னார்.

அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அய்யோ, அம்மை கண்ட வீட்டுக்கு நீங்க எதுக்கு வந்தீக? வரவேணாம்னுதான எழுதியிருந்தோம்" என்றாள்.

"எனக்கு ஒட்டாது தாயி. வந்து ஆறுன மூஞ்சிதான இது" என்றார் அந்த அம்மாள். "எனக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையத்தான் வாசிக்கச் சொன்னேன். அம்மா விளையாடுறான்னு முத வரி வாசிச்சுச்சு. மிச்சத்த யாரு கேட்டா? பஸ்ஸுக்கு வந்துட்டேன்."

வாசல் படியிலேயே நின்று அவர் சொன்னது இது. அவருக்கு ஒரு மகள் இருந்தாள். ஏழு வயதில் அம்மை கண்டது. வேலைக்குப் போனால்தான் கஞ்சி என்பதால் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு இவர் வயலுக்குப் போயிருந்தார். பிள்ளை தண்ணீர் கேட்டுக் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. பயந்துகொண்டு ஒருவரும் போகவில்லை. இவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "இந்தப் பிள்ளையும் அப்படித் தனியாக் கெடக்கக் கூடாதுல்ல. நீங்களும் பயந்தவுகளா இருந்தா?" என்று சொல்லிக்கொண்டே அம்மாவை விலக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

அறை இருட்டாக இருந்தது. அவர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டார். கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "எண்ணெய் வச்சிருக்கீக? ஆத்தா வந்த மேலுக்கு யாராச்சும் எண்ணெய் வப்பாகளா?" என்றார். எழுந்து ஜன்னலைத் திறந்தார். அக்காவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அவருடைய கை தானாகக் கீழே இறங்கியது.

அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. ஊருக்கே பேசுகிற வாய்! பேசியது அக்கா. எழுந்து உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "அம்மை இல்ல அயித்தை. பொய் சொல்லச் சொன்னது அம்மா, எழுதுனது தங்கச்சி, பேசாம இருந்தது நானு."

அவளை அறியாமல் அயித்தை என்று வந்துவிட்டது. இன்னும் உறவே ஆகவில்லை.

பிறகு நான் ஓடிப்போய் மிச்சமிருந்த கல்லைக் கொண்டுவந்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பெண் பார்க்க வந்தவள் தடவிப் பார்த்ததிலிருந்து ஆரம்பித்து, உரலில் இடித்தது வரைக்கும். அவர் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதச் சுட்டுச் சுண்ணாம்புல்ல எடுப்பாக. இதையா மூஞ்சில தேச்ச?" என்று கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் தன் மகள் தண்ணீர் கேட்கிற மாதிரியே காதில் கேட்டுக்கொண்டிருந்ததாம். அம்மா அவர் காலில் விழப் போனாள். "எந்திரிங்க" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வாசலுக்குப் போனார். நிலையிலிருந்த வேப்பிலையை ஒவ்வொரு கொத்தாக எடுத்தார். "ஆத்தா பேரச் சொல்லிச் சும்மா கூப்புடாதீக. நெசமாவே வந்துருவா" என்றார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும்தான்.

எல்லாம் முடிந்தது, இனி இந்த இடம் இல்லை என்றுதான் நினைத்தோம். அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மடியிலிருந்து என் கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "இத நீயே வச்சுக்க. இன்னொன்னு எழுது, எம் மகனுக்கு. நடந்தத நடந்தபடி எழுது. படிச்சுட்டு அவன் இஷ்டம்" என்றார். நான் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். எழுதியதை வாசிக்கச் சொன்னார். இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் கேட்டார். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா கொடுத்த மோரைக் குடிக்கவில்லை. இளநீரை மட்டும் விட்டுவிட்டு, "அவளுக்குக் குடுங்க, எரிச்சல் அடங்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் அம்மா வாசலுக்கு ஓடுவாள், நான் கொல்லைக்கு ஓடுவேன். அக்காவின் முகத்தில் பொருக்கு உதிர்ந்தது. இடது கன்னத்தில் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு கறுப்புத் திட்டு நின்றுவிட்டது. அவள் மறுபடி கண்ணாடி பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளாகவே ஒரு நாள் சொன்னாள், "உண்மையச் சொல்லிட்டேன்ல, இனி எனக்கென்ன" என்று.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, முன்னறிவிப்பு ஒன்றும் இல்லாமல் தாயும் மகனுமாக வந்து நின்றார்கள். வீட்டில் பலகாரம்கூடக் கிடையாது. அவசரத்துக்கு அம்மா அடை சுட்டாள். அக்கா சாதாரணச் சேலையில் வந்து நின்றாள். அந்த வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எரிச்சல் அடங்கிருச்சா?"

அக்கா தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. பெரியவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால், வெள்ளையாக, நீள்வட்டமாக, தோணி மாதிரி ஒன்று. கையில் வைத்தால் கனமே இல்லை. "நீங்க தேடுன கடல் நுரை இதுதான். கணவாய் மீனோட ஓடு. எங்க கரையில நெறயக் கெடக்கும், பிள்ளைக கப்பல் விட்டு விளையாடும். தண்ணியில போட்டு மிதந்தா நுரை, முங்குனாக் கல்லு" என்றார், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிற மாதிரி. அய்யாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அண்டாவில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஓட்டைப் போட்டோம், மிதந்தது. என் பவளப்பாறைக் கல்லைப் போட்டோம், தொப்பென்று அடியில் போய் உட்கார்ந்தது. அய்யா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சிரித்தாள். அந்த அம்மாளும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பங்குனியில் கல்யாணம் நடந்தது. அந்த அயித்தை அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்குக் குறையாமல் இருந்தார். அக்காவின் கன்னத்துத் திட்டைப் பற்றி யாராவது கேட்டால், "சின்ன வயசுல கல்லு பட்டுருச்சு" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அது பொய்யும் இல்லையே! என்னைக் காட்டிக் கொடுத்ததே இல்லை.

இப்போது என் மகள் டியூபில் ஏதோ மணல் போட்ட களிம்பை வாங்கிவந்து வாரத்துக்கு ஒரு நாள் முகத்தில் தேய்த்துக்கொள்கிறாள். நான் குறுக்கே நிற்பதில்லை. மெதுவாகத் தேய் என்று மட்டும் சொல்வேன். அன்றைக்கெல்லாம் இருபது தடவை சொல்கிறேன் என்று அவளுக்கு எரிச்சல்.

அந்தப் பொய்க் கடிதம் இன்னமும் என் பெட்டியில் இருக்கிறது. எப்போதாவது எடுத்தால், கொட்டை எழுத்தில் நான் எழுதிய சின்னம்மையில் என் கண் நிற்பதில்லை. முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது, அந்த ஒரு வரிக்கு மேல் கேட்க மனம் பொறுக்காமல் இரண்டு இளநீரோடு பஸ் ஏறிய ஒருத்தியிடம் போயா நாங்கள் பொய் சொன்னோம் என்று.